மெலிந்த மடிக்கணினிக்கு ஒரு லட்சம் ரூபாய் தகுமா? பாலக்காட்டு எல்லையிலிருந்து ஒரு வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டின் கிழக்கு விளிம்பில் வாழும் நமக்கு மடிக்கணினி வாங்க இரண்டு பக்கமும் கடைகள் இருக்கின்றன. மேற்கே போனால் பாலக்காடு; தமிழ்நாட்டுப் பக்கம் போனால் கோயம்புத்தூர் அல்லது பொள்ளாச்சி. எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முன்வரிசையில், விளக்கு வெளிச்சம் நேராகப் படும்படி, ஒரு விரல் தடிமன்கூட இல்லாத அலுமினிய உடல் கணினிகளைத்தான் அடுக்கியிருப்பார்கள். அவற்றின் விலை ஒரு லட்சத்தை ஒட்டியோ அதைத் தாண்டியோ இருக்கும். ஏறத்தாழ அதே சிப்பும் அதே அளவு மெமரியும் கொண்ட, சற்றுத் தடித்த மாடல்கள் உள்வரிசையில் பல ஆயிரம் ரூபாய் குறைவான விலைக்குக் கிடைக்கும். அந்த வித்தியாசத்துக்கு நாம் பெறுவது என்ன, விட்டுக்கொடுப்பது என்ன, நம் ஊர் வெயிலுக்கும் மின்சாரத்துக்கும் அது ஒத்துவருமா என்பதை வாங்குகிறவரே சோதித்து முடிவெடுக்கும் வழிமுறைகளை இங்கே எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எடை குறைவதற்குக் கூடுதல் பணம் கொடுப்பது பலருக்கு நியாயமான செலவு. தடிமன் குறைவதற்கென்று மட்டும் கொடுக்கும் பணம் பெரும்பாலும் வீண்.

எடை வேறு, தடிமன் வேறு

விளம்பரங்கள் இவ்விரண்டையும் ஒன்றாகவே பேசுகின்றன என்பதால், வாங்குகிறவர் முதலில் செய்ய வேண்டியது இவற்றைப் பிரித்துப் பார்ப்பதுதான். ஆப்பிள் நிறுவனம் 2022இல் வெளியிட்ட எம்2 மேக்புக் ஏர் 11.3 மில்லிமீட்டர் தடிமனும் 1.24 கிலோ எடையும் கொண்டது. எல்ஜி கிராம் வரிசையின் 14 அங்குல மாடல்கள் ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் தடிமன் கொண்டவை. ஆனால் எடை ஒரு கிலோவை எட்டாது. அதாவது பாதியளவு கூடுதலாகத் தடித்த கணினி கால் கிலோ குறைவாக இருக்கிறது. தோளில் பை மாட்டி நடக்கிறவருக்கு அந்தக் கால் கிலோ தெரியும். ஐந்து மில்லிமீட்டர் வித்தியாசமோ பைக்குள் போய்விட்டால் யாருக்கும் தெரியாது. அது கடையில் கண்ணுக்கு மட்டும் தெரிகிற சங்கதி.

தடிமனைக் குறைக்கும் போட்டி எங்கே போய் முட்டியது என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஓர் அலுவலக உறைக்குள்ளிருந்து முதல் மேக்புக் ஏரை எடுத்துக் காட்டினார். அதில் ஒரே ஒரு யூஎஸ்பி போர்ட்தான் இருந்தது, டிவிடி டிரைவும் இல்லை, நெட்வொர்க் கேபிள் செருகும் இடமும் இல்லை. 2011இல் இன்டெல் ‘அல்ட்ராபுக்’ என்ற பெயரை முன்வைத்த பிறகு மற்ற நிறுவனங்களும் இந்த ஓட்டத்தில் சேர்ந்தன. 2016இல் எச்பி ஸ்பெக்டர் 10.4 மில்லிமீட்டருக்கு வந்தது. அதே ஆண்டு ஏசர் ஸ்விஃப்ட் 7 ஒரு சென்டிமீட்டருக்கும் கீழே, 9.98 மில்லிமீட்டருக்கு இறங்கியது. ஆப்பிள் 2015இல் கொண்டுவந்த 12 அங்குல மேக்புக்கின் எடை 0.92 கிலோ மட்டுமே. ஆனால் அதன் உடலுக்குள் அடங்குவதற்காக உருவாக்கிய ‘பட்டர்ஃபிளை’ விசைப்பலகை சிறு தூசி விழுந்தாலே சிக்கிக்கொள்ளக்கூடியதாக இருந்தது. 2018இல் இலவசமாகப் பழுதுபார்த்துத் தரும் திட்டத்தை அந்நிறுவனம் அறிவித்தது. 2019 முடிவதற்குள் அந்த மேக்புக்கின் விற்பனை நின்றுவிட்டது, பழைய வகை விசைகளும் திரும்பத் தொடங்கிவிட்டன. அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கு 2022இல் 5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. 2021இல் வந்த மேக்புக் ப்ரோ மாடல்களில் எச்டிஎம்ஐ போர்ட்டையும் எஸ்டி கார்டு இடத்தையும் ஆப்பிளே மீண்டும் வைத்தது. மெலிவின் கடைசி மில்லிமீட்டர்கள் எதைத் தின்றன என்பதைத் தயாரித்தவர்களே ஒப்புக்கொண்டதாகவே இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பையை எடை போடுங்கள்

வாங்கப் போவதற்கு முன் ஒரு வாரம், கணினி எத்தனை நாள் வீட்டைவிட்டு வெளியே போகும், எதில் போகும், எத்தனை தூரம் நடக்க வேண்டும் என்பதைக் குறித்துவையுங்கள். பிறகு பையைத் தராசில் வையுங்கள். பக்கத்து மளிகைக் கடையின் எலக்ட்ரானிக் தராசே போதும். என் அக்காள் மகள் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோவைக் கல்லூரிக்குத் தினமும் பேருந்தில் போய் வருகிறாள். சோற்று டப்பா, ஒரு லிட்டர் தண்ணீர், இரண்டு ரெக்கார்டு நோட்டு, மழைக்காலமென்றால் குடை என்று கணினி இல்லாமலேயே அவள் பை மூன்று கிலோவைத் தாண்டும். பல நாள் உட்கார இடம் கிடைக்காமல் நின்றுகொண்டேதான் போகிறாள். 1.7 கிலோ கணினியும் 400 கிராம் அடாப்டரும் ஒரு பக்கம், 1.2 கிலோ கணினியும் 200 கிராம் டைப்-சி சார்ஜரும் மறுபக்கம் என்றால் 700 கிராம் மிச்சம். அவளைப் போன்றவருக்கு அந்த 700 கிராமுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கச் சொல்லி நானே பரிந்துரைப்பேன். அடாப்டரின் எடையைக் கடைக்காரர் சொல்ல மாட்டார், இணையப் பக்கத்திலும் பெரும்பாலும் இருக்காது. பெட்டியைப் பிரிக்கும்போது கையில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மாறாக, வாரத்தில் ஒருநாள் மட்டும் காரின் பின்சீட்டில் கணினியை வைத்துப் பொள்ளாச்சி போய் வருகிற தேங்காய் வியாபாரிக்கும், வீட்டு மேசையை விட்டு அசையாத மொழிபெயர்ப்பாளருக்கும் அந்த எடைக் குறைவால் ஒரு பயனும் இல்லை. அவர்கள் அதே தொகையைப் பெரிய திரைக்கும் கூடுதல் மெமரிக்கும் செலவிடலாம்.

நம் ஊர் வெப்பம்

இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இணையத்தில் வரும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை குளிர்ந்த ஊர்களிலோ ஏசி அறையிலோ சோதித்து எழுதப்பட்டவை. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பாலக்காட்டின் வெயில் 40 டிகிரியைத் தொடுவது நமக்குப் புதிதல்ல; மாடியில் ஓட்டுக்கூரைக்கோ கான்கிரீட் தளத்துக்கோ கீழே உள்ள அறையில் பிற்பகலில் 36, 38 டிகிரி இருப்பதும் இயல்பு. ஆப்பிள் தன் மடிக்கணினிகளை 10 முதல் 35 டிகிரி வரையுள்ள சுற்றுப்புற வெப்பத்தில் பயன்படுத்தச் சொல்கிறது. ஆண்டில் சில வாரங்களாவது நம் வீடுகள் அந்த வரம்புக்கு வெளியேதான் இருக்கின்றன.

சூடான பொருளிலிருந்து வெளியேறும் வெப்பத்தின் அளவு, அந்தப் பொருளுக்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் இடையிலுள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. சிப் ஏறத்தாழ 100 டிகிரி வரை தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். 25 டிகிரி ஷோரூமில் வித்தியாசம் 75. நம் 38 டிகிரி அறையில் வித்தியாசம் 62. அதாவது விசிறி உள்ள கணினியாக இருந்தாலும் வெளியேற்றக்கூடிய வெப்பம் ஆறில் ஒரு பங்கு குறைகிறது. விசிறியே இல்லாத மெலிந்த கணினியில் நிலைமை இன்னும் கடினம், ஏனென்றால் அங்கே உலோக உடல்தான் வெப்பத்தை வெளியேற்றுகிறது, அந்த உடலை நம் கை தொடுகிறது. கை தாங்கும் சூடு 45 டிகிரி என்று ஒரு கணக்குக்காகக் கொண்டால், ஷோரூமில் 20 டிகிரி வித்தியாசம் கிடைக்கிறது, நம் அறையில் கிடைப்பது வெறும் 7. மூன்றில் ஒரு பங்குதான்! உடலின் சூட்டை அந்த அளவுக்குள் வைத்திருக்க வேண்டுமானால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. குறைக்காத மாடல் என்றால் உங்கள் தொடை அதைச் சொல்லிவிடும்.

இதனால் விசிறி இல்லாத கணினியே ஆகாது என்று பொருளில்லை. எழுதுவது, படிப்பது, இணையத்தில் தேடுவது, கணக்குப் பதிவது போன்ற வேலைகளில் சிப் முழு வேகத்தில் ஓடுவது சில நொடிகள்தான். 2020 நவம்பரில் ஆப்பிளின் எம்1 வந்ததிலிருந்தும், 2024இல் குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸும் இன்டெலின் கோர் அல்ட்ரா 200வி வரிசையும் வந்ததிலிருந்தும், குறைந்த மின்சாரத்தில் இந்த வேலைகளைச் செய்யும் சிப்கள் கிடைக்கின்றன. அத்தகைய கணினிக்கு விசிறிச் சத்தம் இல்லை, தூசி புகும் துவாரமும் குறைவு. ஆனால் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர், பொறியியல் வரைபட மென்பொருளை மணிக்கணக்கில் ஓட்டுகிறவர், மாலைநேரத்தில் விளையாட விரும்புகிற மாணவர் ஆகியோர் விசிறியும் காற்றோட்டமும் உள்ள, சற்றுத் தடித்த மாடலுக்கே போக வேண்டும். ஒரே பெயருள்ள சிப் இரண்டு கணினிகளில் இருந்தாலும், அதற்கு எத்தனை வாட் மின்சாரம் தொடர்ந்து கொடுக்க முடியும் என்பதைக் கணினியின் உடல்தான் முடிவு செய்கிறது. மெலிந்த உடலில் 15 வாட்டில் ஓடுவதும் தடித்த உடலில் 28 வாட்டில் ஓடுவதும் பெயரளவில் ஒரே சிப்பாக இருக்கலாம்.

பாலக்காட்டுக் கணவாயில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அடிக்கும் வறண்ட கிழக்குக் காற்று வேறு ஒரு தொல்லை. அந்தக் காற்று கொண்டுவரும் தூசி மெலிந்த விசிறிகளின் நெருக்கமான தகடுகளில் படிந்துவிடும். விசிறி உள்ள மாடல் வாங்கினால், கோடை தொடங்கும் முன் ஆண்டுக்கொரு முறை திறந்து சுத்தம் செய்யும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் அரைமணி நேரம்

காட்சிக்கு வைத்திருக்கும் கணினியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். பின்வரும் சோதனைகளுக்கு அரைமணி நேரம் போதும். நல்ல கடைக்காரர் மறுப்பதில்லை.

ஒரு பக்கம் தமிழில் தட்டச்சு செய்யுங்கள். விண்டோஸிலும் மேக்கிலும் தமிழ்99 உள்ளடங்கியே வருவதால், அமைப்புகளில் தமிழைச் சேர்த்தால் போதும். மெலிந்த மாடல்களில் விசை இறங்கும் ஆழம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். அலுவலகக் கணினிகளில் அது ஒன்றரை மில்லிமீட்டர் வரை போகும். நாலு வரியில் இந்த வித்தியாசம் தெரியாது, ஒரு பக்கம் அடித்தால் விரல்நுனிக்குத் தெரியும். நாள் முழுதும் தட்டச்சு செய்கிறவருக்கு இந்த அரை மில்லிமீட்டர், திரையின் பளபளப்பைவிட முக்கியமானது. மேல்வரிசை விசைகளையும் பாருங்கள். 2022இல் வந்த டெல் எக்ஸ்பிஎஸ் 13 ப்ளஸில் அந்த வரிசையே தொடுபட்டையாக மாற்றப்பட்டிருந்தது, இயர்போன் துளையும் எடுக்கப்பட்டிருந்தது. பார்க்காமல் அடிக்கப் பழகியவர்களுக்கு அது பெரும் இடைஞ்சல்.

விண்டோஸ் கணினியென்றால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, செயல்திறன் பக்கத்தில் சிப்பின் வேகத்தைக் காட்டும் எண்ணைக் கவனியுங்கள். ஐந்தாறு யூடியூப் வீடியோக்களை அதிகபட்சத் தெளிவில் ஒன்றாக ஓடவிட்டு, கால்மணி நேரம் பொறுத்து அந்த எண் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள்; அப்போது கணினியின் அடிப்பக்கத்தையும், விசைப்பலகைக்கு மேலுள்ள பட்டையையும் உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். ஏசி கடையிலேயே கையை எடுக்க வைக்கிற சூடு என்றால் நம் வீட்டில் அதைப் பயன்படுத்த முடியாது.

அதே டாஸ்க் மேனேஜரில் மெமரிப் பக்கத்தில் ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று காட்டினால் ரேம், அதாவது மெமரி, மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது, பின்னால் கூட்ட முடியாது; ‘எஸ்ஓடிம்’ என்று காட்டினால் மாற்றக்கூடியது. கடையில் நான் நேரில் கேட்ட உரையாடல் ஒன்று: “ஏனுங்க, ரேம் அப்புறமா கூட்டிக்கலாமுங்களா?” என்று ஒரு பெரியவர் கேட்டார். “இதுல முடியாதுங்க, போர்டோடவே வருது. எதுனாலும் இப்பவே சேத்தி வாங்கிக்கோணும்” என்று விற்பனைப் பையன் நேர்மையாகச் சொன்னான். எல்லோரும் அப்படிச் சொல்வதில்லை. கேட்காவிட்டால் யாரும் சொல்வதேயில்லை.

அடுத்து, மூடியை ஒரு கையால் திறந்து மூலையைப் பிடித்து லேசாக அசைத்துப் பாருங்கள். மிக மெலிந்த மூடிகளில் கண்ணாடிக்குப் பின்னால் தாங்குவதற்கு அதிகம் இருப்பதில்லை. விசைப்பலகை மேல் ஒரு சிறு கல்லோ பேனா மூடியோ இருப்பதைக் கவனிக்காமல் மூடினால் திரை விரிசல்விடும். கேமராவின் மேல் ஒட்டும் பிளாஸ்டிக் மூடியோடு கணினியை மூடினால் திரை சேதமாகலாம் என்று 2020இல் ஆப்பிளே எச்சரித்தது. பேருந்தில் நெருக்கித் தள்ளும் கூட்டத்தில் பையோடு நிற்கிறவர் இதை நினைவில் கொள்ள வேண்டும். கெட்டியான உறை வாங்கிப் போட்டால் தடிமன் திரும்பி வந்துவிடும் என்பது வேறு விஷயம்.

கடைசியாக, முடிந்தால் கணினியைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் திரையைப் பாருங்கள். இந்த இடத்தில் விலையுயர்ந்த மாடல்கள் உண்மையிலேயே தங்கள் விலைக்கு நியாயம் செய்கின்றன. மலிவான கணினிகளில் திரையின் ஒளி 250, 300 நிட்ஸ் அளவில் நின்றுவிடும். நல்ல மெலிந்த மாடல்களில் 400, 500 வரை போகும். டச்பேடும் ஒலிபெருக்கியும்கூட அவற்றில் மேலானவை. மெலிவுக்காகக் கொடுக்கிறோம் என்று நினைக்கும் பணத்தின் ஒரு பகுதி உண்மையில் இவற்றுக்குத்தான் போகிறது என்பதால், மெலிவு வேண்டாதவரும் சில சமயம் இவற்றை வாங்குவது சரியாகிவிடுகிறது.

பின்னால் மாற்ற முடியாதவை

தடித்த கணினியில் இன்று 8 ஜிபி மெமரியோடு வாங்கிவிட்டு, இரண்டு ஆண்டு கழித்துக் கூட்டிக்கொள்ளலாம் என்று இருக்கலாம். மெலிந்த கணினியில் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கிறது. கோர் அல்ட்ரா 200வி போன்ற சிப்களில் மெமரி சிப்போடு ஒரே பொதியாகவே வருகிறது. 16 அல்லது 32 ஜிபி என்பதே தேர்வு. ஆப்பிளும் 2024 அக்டோபரில் தன் மேக்புக் ஏர்களின் தொடக்க மெமரியை 16 ஜிபியாக உயர்த்தியது. அதற்குக் குறைந்த மெமரி உள்ள மெலிந்த கணினி எவ்வளவு தள்ளுபடியில் வந்தாலும் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான பரிந்துரை. மெலிந்த உடலிலும் மாற்றக்கூடிய எல்பிகேம்2 என்ற மெமரி வகை வந்திருக்கிறது, ஆனால் இன்னும் மிகச் சில மாடல்களில்தான் இருக்கிறது.

கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியைப் பொறுத்தவரை விண்டோஸ் மெலிந்த கணினிகளில் பெரும்பாலானவற்றில் கழற்றி மாற்றலாம்; மேக்புக்கில் அது போர்டிலேயே இருக்கிறது. போர்டு போனால் அதிலுள்ள படங்களும் ஆவணங்களும் அதோடு போகும் என்பதால், வாரம் ஒருமுறை வெளி ஹார்ட்டிஸ்கில் நகல் எடுக்கும் பழக்கம் இல்லாதவர் அதை வாங்கும் முன் யோசிக்க வேண்டும்.

போர்ட்களும் நம் வேலைகளும்

இரண்டு டைப்-சி போர்ட்களும் ஓர் இயர்போன் துளையும் மட்டும் உள்ள கணினியை வாங்கும் முன், இப்போது கையிலிருக்கும் கணினியில் ஒரு மாதம் எதையெல்லாம் செருகினோம் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கேரள அரசின் இ-சேவை மையமான அக்ஷயா மையம் நடத்துகிறவருக்குக் கைரேகைக் கருவி, பிரிண்டர், ஸ்கேனர் என்று பழைய யூஎஸ்பி போர்ட் குறைந்தது மூன்று வேண்டும். அவருக்கு மெலிந்த கணினி எந்த வகையிலும் ஏற்றதல்ல. பள்ளி, கல்லூரி ஆசிரியருக்கு வகுப்பறையிலுள்ள புரொஜெக்டரின் பழைய விஜிஏ அல்லது எச்டிஎம்ஐ கேபிள் சேர வேண்டும். ஒரு துளையைப் பல போர்ட்களாக்கும் நல்ல டைப்-சி ஹப்புக்கு ஆகும் சில ஆயிரம் ரூபாயையும், அதைப் பையில் சுமக்கும் எடையையும் கணினியின் விலையோடும் எடையோடும் சேர்த்தே கணக்கிடுங்கள். டைப்-சி துளைகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் எல்லாமே திரைக்குப் படம் அனுப்புவதில்லை, எல்லாமே சார்ஜ் ஏற்றுவதுமில்லை. எந்தத் துளை எதைச் செய்யும் என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்கிறவர்களுக்குத் தனியே ஓர் எச்சரிக்கை. ஸ்னாப்டிராகன் சிப் கொண்ட விண்டோஸ் கணினிகள் மெலிவும் நீண்ட பேட்டரியும் உடையவைதான். ஆனால் அவற்றில் கருவிகளை இயக்கும் டிரைவர்கள் அந்தச் சிப்புக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பழைய பிரிண்டர், கைரேகைக் கருவி ஆகியவற்றின் டிரைவர் அப்படி இல்லாவிட்டால் அவை வேலை செய்யாது. டோக்கனைக் கடைக்கே எடுத்துப்போய்ச் செருகிப் பாருங்கள். கேரள அரசுப் பள்ளிகளுக்காக கைட் நிறுவனம் தரும் லினக்ஸ் தொகுப்பைத் தன் கணினியிலும் நிறுவ விரும்பும் ஆசிரியர், சந்தைக்கு அன்றுதான் வந்த மாடலை விட்டு, ஓராண்டாவது பழகிய இன்டெல் அல்லது ஏஎம்டி மாடலை எடுப்பது வசதி.

விலை, பில், சர்வீஸ்

எல்லை தாண்டினால் வரி குறையும் என்ற பழைய நம்பிக்கைக்கு இப்போது இடமில்லை. 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி வந்துவிட்டது. மடிக்கணினிக்கு இரு மாநிலங்களிலும் 18 விழுக்காடுதான். கேரளத்தில் வெள்ள நிவாரணத்துக்கென்று 1 விழுக்காடு கூடுதலாக வாங்கியதும் 2021 ஜூலையோடு முடிந்துவிட்டது. ஆகவே எந்தப் பக்கம் போவது என்பதைத் தள்ளுபடியும், கார்டு சலுகையும், யார் பொறுமையாகச் சோதிக்க விடுகிறார்கள் என்பதுமே தீர்மானிக்கட்டும். தொழிலுக்காக வாங்குகிறவர் ஜிஎஸ்டி எண்ணைச் சொல்லித்தான் பில் போட வேண்டும். வேறு மாநிலக் கடையில் நேரில் வாங்கினால் வரிக் கழிவு எப்படிக் கிடைக்கும் என்பதைத் தன் ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். வருமான வரிக் கணக்கில் கணினிக்கு ஆண்டுக்கு 40 விழுக்காடு தேய்மானம் உண்டு. வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அந்த ஆண்டுக்கு அதில் பாதி.

பெரிய நிறுவனங்களின் உத்தரவாதம் மாநில எல்லையைப் பார்ப்பதில்லை, ஆனால் வீட்டுக்கே வந்து பழுதுபார்க்கும் சேவை அஞ்சல் குறியீட்டு எண்ணைப் பார்க்கும். நகரத்துக்கு உண்டு, கிராமத்துக்கு இல்லை என்ற பதில் நமக்குப் பழகியதுதான். உங்கள் ஊரின் எண்ணை அந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்திலோ சேவை எண்ணிலோ கொடுத்து விசாரித்த பிறகே பணம் கட்டுங்கள். மெலிந்த கணினிகளில் பல பாகங்கள் ஒரே போர்டில் இருப்பதால், தேநீர் சிந்தினால் மாற்றவேண்டியது ஒரு சிறு பாகமாக இருக்காது, போர்டே போகும். அதற்காகும் செலவு கணினி விலையில் பெரும்பகுதியைத் தொடும். தடித்த கணினிக்கு விபத்துக் காப்பீடு தேவையில்லை என்று சொல்லும் நான், மெலிந்ததற்கு அதை எடுக்கச் சொல்வேன். அது கடையின் சொந்தத் திட்டமா, நிறுவனத்தின் திட்டமா என்பதைப் பில்லில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெலிந்த கணினிதான் வேண்டும், பட்ஜெட் இடிக்கிறது என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு: போன ஆண்டு மாடல். எம்4 மேக்புக் ஏர் 2025 மார்ச்சில் 99,900 ரூபாய்க்கு அறிமுகமானபோது, அதற்கு முந்தைய மாடலை விலை குறைத்து விற்ற கடைகள் இருந்தன. எழுத்து வேலைக்கும் படிப்புக்கும் இவ்விரண்டு தலைமுறைகளுக்கிடையே உணரக்கூடிய வேறுபாடு இல்லை.

வாங்கிய பிறகு

உலோக உடல் கணினியைச் சார்ஜில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நிற்கும்போது, மணிக்கட்டில் மெல்லிய சுருசுருப்பு ஒன்று தெரியும். இரண்டு முள் அடாப்டரில், மின் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் கெப்பாசிட்டர் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் உடலுக்கு வருவதே காரணம். ஒரிஜினல் அடாப்டரில் இது ஆபத்தானதல்ல. எர்த் உள்ள மூன்று முள் ஒயரை மாட்டினால் நின்றுவிடும், வீட்டு எர்த் சரியாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. சந்தேகமிருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள். மலிவான மாற்று அடாப்டரில் இதே உணர்வு வந்தால் அதைப் பயன்படுத்துவதையே நிறுத்துங்கள்.

துலாவர்ஷம் எனும் ஐப்பசி மழைக்கால மாலைகளிலும் சித்திரை மாதத்து இடிமழையிலும் அடாப்டரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுவது நல்லது. மெலிந்த கணினியின் நீண்ட பேட்டரி இந்த இடத்தில் கைகொடுக்கும். கரண்ட் போனாலும் வேலை நிற்காது. அந்தப் பேட்டரியைக் காப்பாற்ற, சார்ஜை 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதியைக் கணினி நிறுவனத்தின் செயலியில் தேடி இயக்கிவையுங்கள். முழுச் சார்ஜும் அதிக வெப்பமும் சேரும்போதுதான் லித்தியம் பேட்டரி விரைவாக மூப்படைகிறது. நின்றிருக்கும் காருக்குள் நண்பகலில் கணினியை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து, டச்பேட் ஒரு மூலையில் மேலெழும்பினாலோ, அழுத்தும்போது கல்லாக நின்றாலோ, மூடி சரியாகப் பொருந்தாமல் இடைவெளி விட்டாலோ, உள்ளே பேட்டரி உப்பியிருக்கக்கூடும். மெலிந்த உடலில் உப்புவதற்கு இடமில்லாததால் அது சீக்கிரமே வெளியே தெரிந்துவிடும். அப்போது சார்ஜ் ஏற்றாதீர்கள், மேலிருந்து அழுத்தாதீர்கள், வீட்டில் திறந்து பார்க்கவும் வேண்டாம். கணினியை அணைத்து, மெத்தையோ துணியோ இல்லாத தரையில் வைத்துவிட்டு, அன்றே சர்வீஸ் மையத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.